டாக்டரம்மா வரைந்த கடைசித் திட்டம்

மேடையில் வீற்றிருக்கும் மருத்துவமனை இயக்குநர் அவர்களே, டாக்டரம்மாவின் கணவர் அவர்களே, அவருடைய மகளே, அறுவை அரங்கின் பொறுப்பை இப்போது தோளில் ஏற்றிருக்கும் சின்ன டாக்டர் அவர்களே, செவிலியர்களே, டாக்டரம்மா நேராக்கிய தாடைகளோடு வந்து நாற்காலி போதாமல் சுவரோரம் நிற்கும் பழைய நோயாளிகளே, எல்லோருக்கும் என் வணக்கம்.

என்னைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அடித்தளத்தில் மாதிரி அறை என்று பலகை தொங்கும் அறையில் முப்பத்தொரு ஆண்டுகளாகப் பிளாஸ்டர் குழைப்பவன் நான். நோயாளியின் பல்வரிசையை அச்செடுத்து, பிளாஸ்டரில் வார்த்து, டாக்டர் எலும்பில் வெட்டுவதற்கு முன்னால் அந்தப் பிளாஸ்டரில் வெட்டி நகர்த்திப் பார்ப்பது என் வேலை. செவிலியர்கள் என்னை மாவுக்காரர் என்பார்கள். என் சட்டையைப் பார்த்தால் காரணம் புரியும். இன்று வேறு சட்டை.

எனக்கு மேடைப் பழக்கம் இல்லை. அதனால் நான்கு பக்கம் எழுதி, பத்திக்குப் பத்தி எண் போட்டு எடுத்து வந்தேன். அதில் நான்காம் பக்கம் கால் மணி நேரத்துக்கு முன்னால் பயனில்லாமல் போய்விட்டது. நமது இயக்குநர் பேசும்போது ஓர் அறிவிப்புச் செய்தார். டாக்டரம்மா வரைந்துவிட்டுப் போன கடைசி அறுவைத் திட்டம் ஒன்று இருக்கிறது. அதை வரும் புதன்கிழமை ஒரு மயிரிழையும் மாற்றாமல் அப்படியே செய்து முடிப்பதுதான் அவருக்கு நாம் செலுத்தும் அஞ்சலி என்றார். நீங்கள் எல்லோரும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். தட்டியது தவறு. அந்தத் திட்டத்தின்படி புதன்கிழமை கத்தி எடுக்கக் கூடாது என்பது என் எண்ணம். ஏன் என்பதைச் சொல்லாமல் இந்த மேடையைவிட்டு இறங்க மாட்டேன். ஆனால் அதைச் சொல்லும் துணிவை எனக்குக் கொடுத்தவர் யார்? அவருக்கு நான் சொல்ல வேண்டிய நன்றியை முதலில் சொல்லிக்கொள்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

டாக்டரம்மா உயரம் குறைந்தவர். அறுவை மேசைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு அதன்மேல் நின்றுதான் வேலை செய்வார். அவர் இங்கே வந்த காலத்தில், தாடையைத் திருத்துவது என்றால் கன்னத்துக்குக் கீழே வெளிப்புறமாக வெட்டுவார்கள். தாடை சரியாகும், கழுத்தோரத் தழும்பு ஆயுளுக்கும் நிற்கும். இவர் வாய்க்குள்ளிருந்தே வெட்டினார். கீழ்த்தாடையின் பின்பகுதி எலும்பை நெடுக்குவாட்டில் இரண்டு ஏடாகப் பிரிப்பார். வெளி ஏடு காதோரத்து மூட்டோடு தன் இடத்தில் நிற்கும். உள் ஏடு பல்வரிசையோடு முன்னாலோ பின்னாலோ வழுக்கி நகரும். வேண்டிய இடம் வந்ததும் திருகாணி போட்டு நிறுத்துவார். கேட்க எளிது. அந்த இரண்டு ஏட்டுக்கும் நடுவே கீழுதட்டுக்கு உணர்வு கொண்டுபோகும் நரம்பு ஒன்று ஓடுகிறது. அதைத் தொடாமல் பிளக்க வேண்டும்! ஒவ்வொரு நோயாளியிடமும் அவர் முன்கூட்டியே சொல்லிவிடுவார்: "உதடு கொஞ்ச மாசம் மரத்துக் கிடக்கும். சில பேருக்கு முழுசாத் திரும்பாமலே போயிடும். வீட்டுக்குப் போய் நல்லா யோசிச்சிட்டு வாங்க. நாளைக்கே வந்தீங்கன்னா யோசிக்கலைன்னு அர்த்தம், திருப்பி அனுப்பிடுவேன்."

"என்னை அழகாக்கிடுங்க டாக்டர்" என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. "அது என் வேலை இல்ல கண்ணு. உனக்குப் பல்லு சேரணும், மூச்சு போகணும், ரொட்டியைக் கடிக்கணும். அழகு கூப்பிடாமலே பின்னாடி வரும்" என்பார். வந்ததா இல்லையா? சுவரோரம் நிற்பவர்களைத் திரும்பிப் பாருங்கள்.

ஒரு லாரி ஓட்டுநரின் குழந்தையைச் சொல்லியாக வேண்டும். ஐந்து வயதுப் பெண். கீழ்த்தாடை வளரவே இல்லை. படுத்தால் நாக்கு பின்னால் சரிந்து மூச்சு நிற்கும். டாக்டரம்மா அந்தச் சின்ன எலும்பை இருபுறமும் வெட்டி, ஒரு திருகுக் கருவியைப் பொருத்தினார். காலையில் அரை மில்லிமீட்டர், மாலையில் அரை மில்லிமீட்டர் என்று திருகைச் சுற்றினால், பிரியும் இடைவெளியில் புது எலும்பு ஊறி வளரும். தாய் இல்லாத குழந்தை. சுற்ற வேண்டியவர் அப்பாதான். மூன்றாம் நாள் அவர் வராந்தாவில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

"என்ன தம்பி, லாரி டயருக்கு நட்டு முறுக்குற கைதானே இது?" என்றார் டாக்டரம்மா.

"லாரி அழாதும்மா" என்றார் அவர்.

அதன்பிறகு பதினைந்து நாளும், காலையிலும் மாலையிலும், அவர் கைமேல் தன் கையை வைத்துக்கொண்டு டாக்டரம்மாவும் சேர்ந்தே சுற்றினார். ஞாயிற்றுக்கிழமைகளிலும் வந்தார். இரண்டு மாதம் கழித்து அந்த அப்பா ஒரு புகாரோடு வந்தார்: "பொண்ணு இப்ப சத்தமே இல்லாம தூங்குதும்மா. பயமா இருக்கு. உசுரு இருக்கான்னு எழுப்பி எழுப்பிப் பாக்கறேன்." "எழுப்பாதய்யா பாவி!" என்று டாக்டரம்மா கத்தியது அடித்தளத்தில் எனக்குக் கேட்டது.

அறுவைக்குப் பின் அந்தக் காலத்தில் ஆறு வாரம் மேல்வரிசையையும் கீழ்வரிசையையும் சேர்த்துக் கம்பியால் கட்டிவைப்போம். நோயாளிகள் எரிச்சல்படுகிறார்கள், எதையும் சொல்லத் தெரியவில்லை என்று செவிலியர்கள் குறைப்பட்டபோது, டாக்டரம்மா ஒரு சனிக்கிழமை என் அறையில் உட்கார்ந்து தன் வாயைத் தானே கட்டவைத்துக்கொண்டார். இரண்டு நாள்! மருத்துவமனை முழுக்கத் திருவிழா மாதிரி இருந்தது. அவருடைய கணவர், இதோ முன்வரிசையில் இருக்கிறார், என்னிடம் சொன்னார்: "முப்பது வருஷத்துல எனக்குக் கிடைச்ச முதல் லீவுங்க இது. இன்னும் ரெண்டு நாள் நீட்டிக்க முடியாதா?" திங்கட்கிழமை கம்பி கழன்றதும் டாக்டரம்மா முதலில் சொன்னது, "எல்லாக் கட்டில் தலைமாட்டிலயும் கம்பி வெட்டற கட்டரைத் தொங்கவிடுங்க. எனக்கு ராத்திரி குமட்டிச்சு. வாயைத் திறக்க முடியலைன்னா என்ன ஆவேன்னு அப்பதான் தெரிஞ்சுது." கட்டர், கையில் ஒரு மணி, எழுதிக்காட்ட ஒரு சிலேட்டு. இன்று எல்லா வார்டிலும் இருக்கிறதே, அது அந்த இரண்டு நாளின் வரவு.

இனி என் கதை. இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் இதில்லாமல் நான் சொல்ல வந்தது விளங்காது.

நான் சேர்ந்த ஐந்தாம் ஆண்டு. நோயாளி ஒரு தச்சர். கீழ்த்தாடை ஒரு விரல் அளவு முன்னால் துருத்தி நிற்கும். ஆணியைப் பல்லில் கவ்வ முடியாத தச்சர் என்று கூடவேலை செய்பவர்களே கேலி பேசுவார்கள். டாக்டரம்மாவிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்த நோயாளிக்கும் ஓர் அச்சு போதாது. வெவ்வேறு நாளில் இரண்டு அச்செடுக்க வேண்டும். நான் முதல் நாள் அச்சை வார்த்தேன். இடப்பக்கக் கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்றின்மேல் கடுகளவு ஒரு மேடு தெரிந்தது. அச்சில் காற்றுக் குமிழி விழுந்தால் பிளாஸ்டரில் அப்படி மேடு வரும். எங்கள் தொழிலில் அதைக் கண்டால் சுரண்டி எடுத்துவிடுவோம். நானும் சுரண்டினேன். அந்த மாதிரியை வைத்து, அறுவையின்போது மேல் கீழ்ப் பற்களுக்கு நடுவில் வைக்கும் பிளாஸ்டிக் தகட்டைச் செய்து அனுப்பினேன். ஸ்பிளின்ட் என்பார்கள். தாடை எங்கே நிற்க வேண்டும் என்பதை அந்தத் தகடுதான் காட்டும். அது சொன்ன இடத்தில்தான் எலும்பு நிற்கும்.

அறுவை நாள் காலையில் மேசையைத் துடைக்கும்போது இரண்டாம் நாள் அச்சின் மாதிரி கண்ணில் பட்டது. அதே பல்லில், அதே இடத்தில், அதே கடுகளவு மேடு. காற்றுக் குமிழி ஒரே இடத்தில் இரண்டு முறை விழுமா? அது குமிழி அல்ல. அந்த மனிதனின் பல். அவனோடு பிறந்த பல்லை நான் சுரண்டியிருக்கிறேன்!

மணி பதினொன்று. மேலே எலும்பைப் பிளந்திருப்பார்கள். நான் படியேறிப் போய் அறுவை அரங்கின் வாசலில் நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. செவிலியர் பார்த்துவிட்டு, "ஐயோ மாவு ஐயா, இங்க நிக்காதீங்க, உதிருது" என்றார். நான் ஏதோ முணுமுணுத்தேன்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "யாரு அங்க மந்திரம் ஓதறது? உடுப்பு மாட்டி உள்ள வரச்சொல்லுங்க. சத்தமாச் சொல்லட்டும்."

"தப்புப் பண்ணிட்டேன்மா" என்றேன்.

"எந்தப் பல்லு?"

"கீழ இடது, கடைசிக்கு முந்தினது. குமிழின்னு நெனச்சு சுரண்டிட்டேன்."

"எவ்வளவு?"

"ஒரு மில்லிமீட்டருக்கு உள்ளதான் இருக்கும்மா."

டாக்டரம்மா முக்காலிமேல் நின்றபடி தலையைப் பின்னால் சாய்த்தார். "அதானே! பத்து நிமிஷமா இந்தத் தகடு உக்கார மாட்டேங்குது. என் கைதான் சரியில்லைன்னு அழுத்திக்கிட்டே இருந்தேன். இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தா அப்படியே திருகியிருப்பேன்." தகட்டின் அந்தப் பல்லுக்குரிய குழியை மட்டும் ராவிப் பெரிதாக்கினார். மறுபடி வைத்தார். டக்கென்று உட்கார்ந்தது. அந்தச் சத்தத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை. அழுத்தித் திருகியிருந்தால் அந்தத் தச்சருக்கு ஒரு பக்கம் பல் சேராமலே போயிருக்கும்.

மறுநாள் ராஜினாமா எழுதிக்கொண்டு போனேன். திருத்தமான கையெழுத்தில், ஓரம் விட்டு எழுதியிருந்தேன். டாக்டரம்மா முழுதும் படித்தார்.

"மன்னிக்கவும்னு மூணு இடத்துல இருக்கு. ஒண்ணு போதும்."

"சரிம்மா."

"மாவுக்காரரே, நீங்க வந்து சொல்லாம உங்க ரூம்லயே உக்காந்திருந்தா யாருக்காவது தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காதும்மா."

"அப்ப ஏன் வந்தீங்க?"

ஏன் என்று எனக்கு இன்றும் தெரியாது. டாக்டரம்மா அந்தக் கடிதத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதினார்: "இனி மாதிரியின் அடியில் மாதிரி அறைக்காரரின் கையெழுத்து இல்லாமல் எந்தத் தாடை அறுவையும் தொடங்கக் கூடாது." அப்போதைய இயக்குநர் ஒப்பவில்லை. "பிளாஸ்டர் குழைக்கிற ஆளு சர்ஜனை நிறுத்தறதா? கேக்கவே நல்லா இல்லையே." டாக்டரம்மா சொன்னார்: "அவரு நிறுத்தலைன்னா நான் தப்பா முடிப்பேன் சார். எது உங்களுக்குக் கேக்க நல்லா இருக்கு?"

இந்த இருபத்தாறு ஆண்டுகளில் ஒன்பது முறை நான் கையெழுத்துப் போட மறுத்திருக்கிறேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அதில் நான்கு முறை என் சந்தேகம் தப்பு. நான்கு நோயாளிகள் அறுவைக்காக வீணாக இன்னொரு நாள் பட்டினி கிடந்தார்கள். ஒவ்வொரு முறையும் தலைகுனிந்து போவேன். ஒரு முறையாவது முகம் சுளித்தாரா? இல்லை. நான்காம் முறை மட்டும், "இப்படியே இருங்க. உங்களுக்கு என்மேல பயம் வந்துட்டாதான் எனக்குப் பயம்" என்றார்.

யோசித்துப் பாருங்கள். எத்தனை பெரியவர்கள், தன்னை நிறுத்தும் உரிமையைத் தனக்குக் கீழே இருப்பவன் கையில் எழுதிக் கொடுப்பார்கள்? பேசத் தெரியாத ஒருவனைப் பேசியே ஆகவேண்டிய இடத்தில் நிறுத்திவைத்தாரே, அதற்கு எப்படி நன்றி சொல்வது! தச்சருக்காக நன்றி. லாரி ஓட்டுநரின் மகளுக்காக நன்றி. எனக்காகவும் நன்றி, டாக்டரம்மா.

இப்போது புதன்கிழமைக்கு வருகிறேன்.

நோயாளி யார் என்று சொல்ல மாட்டேன். பத்தொன்பது வயதுப் பெண், எனக்கு மகள் மாதிரி. வலப்பக்கக் காதோரத்து மூட்டு எலும்பு மட்டும் கூடுதலாக வளர்ந்து, தாடை இடப்பக்கம் ஒதுங்கியிருக்கிறது. இப்படிப்பட்டவர்களுக்கு வளர்ச்சி நின்ற பிறகுதான் தாடையை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். நிற்கும் முன்னே செய்தால் மூட்டு மறுபடி வளர்ந்து, தாடை மறுபடி ஒதுங்கும். மறுபடி வெட்ட வேண்டும். எட்டு மாதத்துக்கு முன்னால் டாக்டரம்மா திட்டம் வரைந்தபோது, அதற்கு முந்தைய ஆறு மாதத்து அச்சுகளில் துளி மாற்றமும் இல்லை. வளர்ச்சி நின்றுவிட்டது என்று முடிவு செய்தார். அன்று அது சரி. பிறகு அவர் படுக்கையில் விழுந்தார். அறுவை இரண்டு முறை தள்ளிப்போனது.

வியாழக்கிழமை நான் புது அச்செடுத்தேன். வாயில் அச்சு மாவின் துணுக்கோடு அந்த மகள் கேட்டாள்: "ஐயா, புதன்கிழமைக்கு அப்புறம் நான் போட்டோவுக்கு நேரா நிக்கலாம்ல?" நான் சிரித்து அனுப்பினேன். வார்த்து, பழைய மாதிரியின் பக்கத்தில் வைத்து அளந்தேன். எட்டு மாதத்துக்கு முன்னால் கீழ்ப்பல்வரிசையின் நடுக்கோடு மேல்வரிசையின் நடுவிலிருந்து ஐந்து மில்லிமீட்டர் விலகியிருந்தது. இப்போது ஏழு. இடையில் பல்லை நகர்த்தும் கம்பியை யாரும் முறுக்கவில்லை. அந்த எலும்பு தூங்கியிருக்கிறது, சாகவில்லை.

வெள்ளிக்கிழமை காலை சின்ன டாக்டரிடம் சொன்னேன். அவர் கேட்டது நியாயமான கேள்வி: "அச்சு எடுக்கும்போது அசைஞ்சிருக்கலாம் இல்லையா ஐயா? ரெண்டு மில்லிதானே?" நான், "இருக்கலாம் டாக்டர்" என்று சொல்லிவிட்டு வந்தேன். என் குணம் அது. அன்று மாலையே அந்த மகளை மறுபடி வரவழைத்து இரண்டாம் அச்செடுத்தேன். இன்று காலை மூன்று முறை அளந்தேன்.

இயக்குநர் அறிவித்து நீங்கள் கை தட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்து நாற்காலியிலிருந்து சின்ன டாக்டர் என் பக்கம் சாய்ந்தார்.

"ஐயா, ரெண்டாவது அச்சு எடுத்தீங்களா?"

"எடுத்தேன் டாக்டர்."

"என்ன சொல்லுது?"

"அதே ஏழு."

கையிலிருந்த பேச்சுத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு, "அடுத்து நான்தான் பேசணும். நீங்க போங்க ஐயா, நான் அப்புறம் பேசறேன்" என்றார். அதனால்தான் முறை மாறி நான் இங்கே நிற்கிறேன்.

இயக்குநர் அவர்களே, நீங்கள் அன்பினால் சொன்னதை நான் மறுக்கிறேன். மன்னிக்கவும். ஒரு முறைதான் சொல்கிறேன். டாக்டரம்மா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்றும் நான் சொல்லப் போவதில்லை. இறந்தவர் வாயில் என் சொல்லைத் திணிப்பது முறையல்ல. என்னிடம் இருப்பது இரண்டு பிளாஸ்டர் மாதிரிகள் மட்டுமே. ஸ்கேன் எடுத்துப் பார்த்து முடிவு சொல்ல வேண்டியவர் சின்ன டாக்டர். நான் தப்பாகவும் இருக்கலாம். அப்படியானால் இது ஐந்தாம் தப்பு. ஆனால் என்னால் முடிந்தது ஒன்று உண்டு. புதன்கிழமை மாதிரியின் அடியில் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

சின்ன டாக்டர் எழுந்து நிற்கிறார். ஏதோ சொல்கிறார். பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, நானே சொல்லிவிடுகிறேன். "நிறுத்தறோம் ஐயா, ஸ்கேன் பாக்கலாம்" என்கிறார். நன்றி டாக்டர். இயக்குநரும் தலையசைக்கிறார். நன்றி ஐயா.

டாக்டரம்மா! உங்கள் பெயரால் சிலையோ கூடமோ கட்டும் வல்லமை எனக்கில்லை. மாதத்துக்கு ஒரு முறை அந்த மகளுக்கு அச்செடுப்பேன். ஸ்கேன் சரியென்று சொல்லி, ஆறு மாத அச்சுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும்வரை எடுப்பேன். அதற்குள் என் கை நடுங்கத் தொடங்கினால், நடுங்குகிறது என்று நானே முதலில் சொல்வேன். என் இடத்துக்கு வருகிறவர் எவராக இருந்தாலும், வாசலில் நிற்காமல் உள்ளே வந்து சத்தமாகச் சொல்ல வேண்டும் என்பதை முதல் நாளே சொல்லிக் கொடுப்பேன். இது என் உறுதி.

கடைசியாக ஒரு வார்த்தை. அந்த மகள் இந்தக் கூட்டத்தில் எங்காவது இருந்தால், அவளுக்கு. வருத்தமாகத்தான் இருக்கும் அம்மா, தெரியும். இத்தனை நாள் காத்திருந்தாய். வீட்டிலும் சொல்லியிருப்பாய். புதன்கிழமை நீ வழக்கம்போல வா. ஆனால் காலையில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வா. ஸ்கேனுக்கு வெறும் வயிறு தேவையில்லை.